கூரையின் பகலும் வீட்டின் இரவும்

பாச்சாங், செங், பத்து பெரெண்டாம் வட்டாரத்துத் தாமான்களின் வழியே நடந்து செல்பவர் இப்பொழுது ஒரு புதுக் காட்சியைக் காண்கிறார். பள்ளிக்கூடத்துக் கரும்பலகைகளைக் கழற்றி யாரோ வீட்டுக் கூரைகளில் வரிசையாகச் சாத்தி வைத்தாற்போல் இருக்கிறது அக்காட்சி. அவை சூரிய வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றும் பலகைகள் என்பது சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். அவற்றைப் பொருத்தினால் மின்கட்டணம் சைபராகிவிடும் என்று விற்பனைக்கு வருவோர் சொல்வதும் தெரியும். ஆனால், கூரை எந்த வேளையில் மின்சாரம் தருகிறது, வீடு எந்த வேளையில் அதைக் கேட்கிறது, இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்கின்றனவா என்று வினவுவோர் சிலரே. ஓய்வுக்காலச் சேமநிதிப் பணத்தைக் கூரையில் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு இந்த வினாவே தலையாயது.

மின்சாரத்துக்கு மற்றப் பண்டங்களுக்கு இல்லாத ஒரு குணம் உண்டு. அரிசியை மூட்டையாகக் கட்டி வைக்கலாம். தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி வைக்கலாம். ரப்பர்ப் பாலை உறையவைத்துத் தகடாக்கி மாதக்கணக்கில் அடுக்கி வைக்கலாம். கம்பியில் ஓடும் மின்சாரத்தை அப்படி வைத்திருக்க இயலாது. கம்பி வாய்க்காலே தவிரத் தொட்டியன்று. எந்த நொடியில் மின்சாரம் உண்டாகிறதோ அந்த நொடியிலேயே யாராவது ஒருவர் அதைச் செலவழித்தாக வேண்டும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. நாட்டின் செலவு உற்பத்தியை மிஞ்சினால் இந்த எண் இறங்கும். உற்பத்தி மிஞ்சினால் ஏறும். அதை 50இலேயே நிறுத்தி வைப்பதற்காக, உற்பத்தியைக் கூட்டியும் குறைத்தும் இரவு பகலாகக் காவலிருக்கிறார்கள்.

ஆகவே, நடுப்பகலில் உங்கள் கூரை 3 கிலோவாட் தந்துகொண்டிருக்க, உள்ளே குளிர்ப்பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், மீதியெல்லாம் அந்தக் கணமே தெருக்கம்பிக்குப் போய்விடுகிறது. அடுத்த வீட்டு மின்விசிறியிலோ பத்து பெரெண்டாம் தொழிற்சாலையிலோ அது செலவாகிறது. இரவு எட்டு மணிக்கு உங்கள் வீட்டில் எரியும் விளக்கு, பகலில் உங்கள் கூரை தந்த மின்சாரத்தால் எரிவதன்று. போர்ட்டிக்சனை அடுத்த ஜிமா நிலையம் போன்ற ஏதோ ஒன்றில் எரியும் நிலக்கரியாலோ, வேறொரு நிலையத்தின் எரிவாயுவாலோ எரிகிறது. மாதக் கணக்கில் இரண்டும் ஈடாகிவிட்டதாகத் தோன்றலாம். மணிக் கணக்கில் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

சூரியனின் கடிகாரம்

சிலிக்கானால் ஆன சூரிய மின்கலம் 1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் முதன்முதல் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. விழுந்த வெளிச்சத்தில் நூற்றுக்கு 6 பங்கையே அது மின்சாரமாக்கியது. இன்று கடையில் கிடைக்கும் பலகைகள் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் மாற்றுகின்றன. இத்தகைய கலங்களைச் செய்யும் ஆலையொன்று நம் மாநிலத்தில், அலோர் காஜாவுக்கு அடுத்த ரெம்பியாவிலேயே, 2010ஆம் ஆண்டுவாக்கில் எழுந்தது. பலகைக்கு வேண்டியது வெளிச்சமே, வெப்பம் அன்று. வெப்பம் மிகுந்தால் அதன் திறன் குறையவே செய்யும். கொளுத்தும் வெயிலில் பலகை மிகுதியாகச் சுடுகிறது என்பதற்காக மகிழ வேண்டியதில்லை.

உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கு என்று நாம் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். மலாக்காவில் அது உண்மையன்று. நம் கடிகாரம் 120 பாகைத் தீர்க்கரேகைக்குரியது. மலாக்கா இருப்பதோ 102¼ பாகையில். ஒரு பாகையைக் கடக்கச் சூரியனுக்கு 4 நிமிஷம் ஆகிறது. இடையே உள்ள 17¾ பாகைக்கு 71 நிமிஷம். எனவே நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பகல் 1 மணி 11 நிமிஷத்துக்கு. பிப்ரவரி நடுவில் இது ஏறத்தாழ 1.25 வரை தள்ளிப்போகும். நவம்பர் தொடக்கத்தில் 12.55க்கு முந்தி வரும். 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி முன்தள்ளப்பட்டதை வயதானவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். விடியற்காலைப் பெரட்டு அதுமுதல் இன்னும் இருட்டுக்குள் போய்விட்டது. ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரம் வைத்துக்கொண்டிருந்தபோது நம் உச்சிப்பொழுது பிற்பகல் இரண்டேகால் மணியளவில் வந்தது. மனிதர் வைக்கும் கடிகாரத்தைச் சூரியன் பொருட்படுத்துவதில்லை. கூரைப் பலகையும் அப்படியே.

தெளிந்த நாளில், உச்சிக்கு மூன்று மணி முன்பும் மூன்று மணி பின்புமாக, அதாவது காலை 10.10 முதல் மாலை 4.10 வரை, அன்றைய மொத்த மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் வந்துவிடுகிறது. ஐந்து மணிக்குப் பிறகு வருவது ஏறத்தாழப் பதினைந்தில் ஒரு பங்கே. சூரியன் ஏழேகால் மணியளவில்தான் மறைகிறது. ஆயினும் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் பலகைக்குப் பலமில்லை.

ஒரு வகையில் நாம் பாக்கியசாலிகள். லண்டனில் ஜூன் மாதத்துப் பகல் பதினாறரை மணி நேரம். டிசம்பரில் எட்டு மணிக்கும் குறைவு. அங்கே கோடையில் மிஞ்சுவதைக் குளிர்காலத்துக்குச் சேமிக்க வேண்டும். எந்தப் பாட்டரியாலும் இலேசில் ஆகிற காரியமன்று அது. பூமத்தியரேகையிலிருந்து இரண்டு பாகை சொச்சத்தில் இருக்கும் மலாக்காவில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் கால் மணி நேரமே வித்தியாசம். நமக்கு இருப்பது ஒரு பகலுக்கும் ஓர் இரவுக்கும் உள்ள இடைவெளி; இதோடு மழை மேகம். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள இடைவெளி நமக்கில்லை.

வீட்டின் கடிகாரம்

ஒரு குடும்பத்தைக் கணக்குக்காக எண்ணிக்கொள்வோம். கணவன் மனைவி இருவரும் தொழிற்சாலையில் வேலை. பிள்ளைகள் இருவர் பள்ளியில். காலை ஏழு மணிக்குப் பூட்டிய வீடு மாலை ஐந்தரைக்குத் திறக்கிறது. ஒரு நாளில் அவர்கள் செலவிடுவது 15 யூனிட் என்று வைப்போம். இரண்டு படுக்கையறைக் குளிர்சாதனங்களுக்கு இரவு முழுதும் ஆறரை. விசிறி, விளக்கு, தொலைக்காட்சிக்கு இரண்டரை. சோற்றுப்பானை, கேத்தல், இஸ்திரிப்பெட்டிக்கு இரண்டு. குளிர்ப்பெட்டிக்கு ஒன்றரை. விடிகாலைக் குளியலின் வெந்நீர்ச் சாதனத்துக்கு ஒன்றரை. துணி துவைக்கும் யந்திரத்துக்கும் தண்ணீர்ப் பம்புக்குமாக ஒன்று.

இவர்கள் கூரையில் 4 கிலோவாட் பலகை போடுகிறார்கள். நம் நாட்டில் ஒரு கிலோவாட் பலகை ஓராண்டில் 1,200 முதல் 1,400 யூனிட் வரை தரும். ஆகவே நாளொன்றுக்குச் சராசரி 14 யூனிட். செலவு 15, வரவு 14. விற்பனையாளர் காட்டும் கணக்கு இங்கேயே முடிந்துவிடுகிறது, பார்ப்பவருக்கும் மகிழ்ச்சி. ஆனால் வெயிலுள்ள வேளையில் அந்தப் பூட்டிய வீடு செலவிட்டது எவ்வளவு? குளிர்ப்பெட்டியும் சில்லறைச் செலவுகளும் சேர்த்து, தாராளமாகவே 2 யூனிட் என்போம். மீதி 12 யூனிட் தெருவுக்குப் போயிற்று. இரவிலும் விடிகாலையிலுமாக 13 யூனிட் தெருவிலிருந்து வந்தது. தன் கூரை தந்த மின்சாரத்தில் ஏழில் ஒரு பங்கைத்தான் அக்குடும்பம் தானே அனுபவித்தது.

பாட்டனும் பாட்டியும் பகலில் இருக்கும் வீட்டின் கணக்கு வேறு. வீட்டிலேயே தையல் வேலை செய்பவர், பலகாரம் செய்து விற்பவர் வீட்டின் கணக்கு இன்னும் வேறு. ஒரே தாமானில், ஒரே அளவுக் கூரையில், ஒரே அளவுப் பலகை இரண்டு வீட்டுக்கு இரண்டு விதமாய்ப் பயன்படுகிறது என்பதை நண்பர்கள் சொல்லும் அனுபவங்களைக் கேட்கும்போது நினைவில் வைக்க வேண்டும்.

மின்சாரம் வரும் வேளைக்கு வீட்டு வேலையை அமைத்துக்கொள்வது நம்மவருக்குப் புதிதன்று. நாட்டின் பொது மின்கம்பி எட்டாதிருந்த காலத்தில், பல தோட்டங்களில் தோட்டத்து எண்ணெய் எஞ்சின்தான் லயத்துக்கு வெளிச்சம் கொடுத்தது. மாலை விளக்கு வைக்கும் வேளையில் அதன் சத்தம் கேட்கும். இரவு பத்து மணியளவில் நின்றுபோகும். பிள்ளைகள் பாடம் படிப்பது, மறுநாள் சட்டைக்கு இஸ்திரி போடுவது, வானொலி கேட்பது எல்லாம் அந்தச் சில மணி நேரத்துக்குள். எஞ்சின் சொன்னபடி வீடு நடந்தது. பின்னர் இருபத்துநான்கு மணி நேரமும் மின்சாரம் வந்தது. வீடு சொன்னபடி மின்சாரம் நடக்கத் தொடங்கியது. இப்பொழுது கூரையில் ஓர் எஞ்சின் வந்திருக்கிறது. அது மாலையில் நின்றுவிடும் எஞ்சின்.

படிக்குப் படி கிடைத்த காலம்

இந்த முரண்பாட்டைப் பலர் இதுவரை உணராததற்கு அரசாங்கத்தின் ஏற்பாடே காரணம். கூரை மின்சாரத்தை விலைக்கு வாங்கும் திட்டம் 2011 டிசம்பரில் தொடங்கிற்று. 2016 நவம்பரில் நிகர மீட்டர்த் திட்டம் வந்தது. 2019 ஜனவரி முதல் அத்திட்டத்தில் ஒன்றுக்கு ஒன்று என்ற முறை ஏற்பட்டது. பகலில் ஒரு யூனிட் கொடுத்தால் இரவில் ஒரு யூனிட் கழித்துக்கொள்ளலாம். அண்டை வீட்டுக்குக் கொடுத்த ஒரு படி அரிசியை ஒரு படியாகவே திரும்பப் பெறுவதுபோன்ற கணக்கு. மின்கம்பி வாய்க்கால்தான் என்றாலும், கணக்குப் புத்தகத்தில் அது தொட்டியாகிவிட்டது. அந்தத் தொட்டிக்கு வாடகையும் இல்லை.

இத்திட்டத்தின் மூன்றாம் கட்டம் 2025 ஜூன் இறுதியில் முடிந்தது. அடுத்து 2026 ஜனவரி முதல் சோலார் அத்தாப் என்ற புதிய திட்டம் வந்தது. அத்தாப் என்ற மலாய்ச் சொல்லுக்குக் கூரை என்று பொருள். அத்தாப்பு வேய்ந்த வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயரில் ஒரு வேடிக்கை தோன்றாமல் போகாது. புதிய முறையில் படிக்குப் படி இல்லை. 2025 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த கட்டண அமைப்பின்படி, மாதம் 1,500 யூனிட்டுக்கு மேற்படாத வீடு ஒரு யூனிட்டுக்கு ஆற்றல் கட்டணமாக 27.03 சென், கொள்திறன் கட்டணமாக 4.55 சென், கம்பிவலைக் கட்டணமாக 12.85 சென், ஆக 44.43 சென் கொடுக்கிறது. கூரையிலிருந்து வெளியே போகும் யூனிட்டுக்கோ ஆற்றல் கட்டணம் மட்டும் வரவு வைக்கப்படும். ஒரு படி கொடுத்தால் திரும்ப வருவது ஐந்தில் மூன்று பங்கு. மேலும், ஒரு மாதத்து வரவு அந்த மாதத்துச் செலவை மிஞ்சினால், மிஞ்சியது அடுத்த மாதத்துக்குப் போகாது.

இது அநியாயம் என்று சிலர் கூறுகின்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. இரவில் மின்சாரம் தருவதற்கு நிலையமும் கம்பியும் ஆட்களும் வேண்டும். அந்தச் செலவைக் கூரைச் சொந்தக்காரர் கொடுக்காவிட்டால், வாடகை வீட்டிலும் அடுக்குமாடியிலும் லயத்திலும் இருந்து, பலகை வைக்கச் சொந்தக் கூரையே இல்லாதவர் தலையில்தான் அது விழும். ஆனால், பழைய முறையில் செய்த கணக்கைப் புதிய முறையிலும் காட்டி ஒருவர் பலகை விற்பாரானால், அதுவே அநியாயம்.

பழைய முறையில் சேர்ந்தவர்களுக்கு உடனடியாக ஒரு மாற்றமும் இல்லை. ஆயினும் மூன்றாம் கட்டத்தில் சேர்ந்த வீடுகளுக்கு ஒன்றுக்கு ஒன்று என்பது பத்தாண்டுக்கு மட்டுமே. 2021இல் சேர்ந்தவருக்கு 2031இல் அது முடியும். பலகையின் ஆயுளோ இருபத்தைந்து ஆண்டு.

எவற்றை நகர்த்தலாம்?

வெளியே போகும் யூனிட்டை வீட்டுக்குள்ளேயே செலவிட்டால் அதிகம் போனால் 17.40 சென் ஆதாயம். அதிகம் போனால் என்று சொல்வதற்குக் காரணம், 1,000 யூனிட்டுக்கு மேற்படாத வீடுகளுக்கு ஓர் ஊக்கச் சலுகை உண்டு. அது இந்த வித்தியாசத்தைப் பல வீடுகளில் இன்னும் சுருக்கிவிடும். நாளொன்றுக்கு 3 யூனிட்டை இரவிலிருந்து பகலுக்கு நகர்த்தினால் மாதத்தில் மிகுதியாக 15, 16 ரிங்கிட் மிஞ்சும். பெருந்தொகையன்று. ஆனால் முதலீடு இல்லாமல் கிடைப்பது.

நகர்த்தத் தக்கவை சில உண்டு. துணி துவைக்கும் யந்திரங்களில் பல, பின்னர் தொடங்கும்படி நேரம் குறித்து வைக்கத் தக்கவை. காலையில் துணியைப் போட்டு, பதினொன்றரைக்குத் தொடங்கும்படி திருப்பி வைத்துவிட்டுப் போகலாம். மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புக்கு ஒரு நேரக்கருவி போதும். தோசை மாவு அரைக்கும் கிரைண்டர், இஸ்திரிப்பெட்டி இரண்டையும் சனி ஞாயிறு நடுப்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம். இங்கே ஒரு வார்த்தை: வாரம் முழுதும் வேலைக்குப் போகும் பெண்ணின் ஞாயிற்றுக்கிழமைப் பகலையும் இஸ்திரிப்பெட்டிக்கு முன்னால் நிறுத்திவிட்டு, பதினாறு ரிங்கிட் மிச்சம் பிடித்தோம் என்பது நல்ல கணக்கன்று. இஸ்திரிப்பெட்டியின் கைப்பிடி ஆண்களின் கைக்கும் பொருந்தும்.

எல்லாவற்றையும் ஒரே வேளையில் ஓடவிடுவதாலும் பயனில்லை. 4 கிலோவாட் பலகை 4 கிலோவாட் தருவது அபூர்வம். நல்ல நடுப்பகலில் மூன்று கிடைக்கும். இஸ்திரிப்பெட்டி ஒரு கிலோவாட், கேத்தல் இரண்டு, துவைக்கும் யந்திரம் அரை என்று ஒன்றாக இழுத்தால் குறைவதைத் தெருக்கம்பியிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒன்று முடிந்து மற்றொன்று என்பதே முறை. பகலில் வீட்டிலிருக்கும் பாட்டி, வானத்தைப் பார்த்துவிட்டு அடுத்து எதைப் போடலாம் என்று முடிவு செய்வாரானால், நாட்டின் மின் கட்டுப்பாட்டு நிலையத்தில் பொறியாளர் செய்யும் அதே வேலையைத்தான் அவர் செய்கிறார்.

விடிகாலை வெந்நீர்ச் சாதனம் மூன்றரைக் கிலோவாட் இழுப்பது. சூரியன் உதிக்கும் முன்னரே அதன் வேலை முடிந்துவிடுகிறது. இதற்குப் பலகையை நம்புவதைவிட, வெயிலால் நேரே தண்ணீரைச் சூடாக்கித் தொட்டியில் வைத்திருக்கும் கூரைச் சாதனம் பொருத்தமானது. வெந்நீரைச் சேமிப்பது மின்சாரத்தைச் சேமிப்பதைவிட எளிது.

மின்சாரத்தில் ஓடும் கார் அல்லது மோட்டார் சைக்கிள் உள்ள வீட்டில், அது பகலில் வீட்டில் நிற்குமானால் அதைவிடச் சிறந்த தொட்டி வேறில்லை. பகலில் அது தொழிற்சாலை வாசலில் நின்றால் பயனில்லை.

இனி, எல்லாவற்றிலும் பெரிய செலவாகிய இரவுக் குளிர்சாதனம். செங்கல்லும் சிமெண்டுமாய்க் கட்டிய தாமான் வீட்டின் சுவர் பகல் முழுதும் வெப்பத்தைக் குடித்துவிட்டு இரவில் உமிழ்கிறது. இரவு பத்து மணிக்குக் குளிர்சாதனம் முதலில் போராடுவது காற்றோடு அன்று, சுவரோடு. மாலை நான்கு மணிக்குக் கூரை மின்சாரம் இருக்கும்போதே அறையைச் சாத்தி ஒரு மணி நேரம் குளிரவைத்தால் சுவரும் சிறிது குளிரும்; இரவின் பாரம் குறையும். அதிலும் மேலானது, மேற்குச் சுவருக்கும் ஜன்னலுக்கும் நிழல் தருவதும், ஓட்டுக்கும் உட்கூரைக்கும் நடுவே வெப்பம் தடுக்கும் விரிப்பைப் பரப்புவதும். ஒரு யூனிட்டை நகர்த்துவதைவிட அந்த யூனிட்டே வேண்டாமல் செய்துவிடுவது மேல்.

பலகையை மேற்குச் சரிவில் வைத்தால் மாலையில் கூடுதலாக வரும் என்று யோசனை கூறுவோர் உண்டு. கலிபோர்னியாவில் அது சரி. ஏப்ரல் மே மாதங்களிலும் அக்டோபர் நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு மழை கொட்டும் மலாக்காவில், காலை வெயில்தான் நம்பகமானது. இரு சரிவிலும் பாதிப்பாதி வைப்பது நம் ஊருக்கு ஏற்றது என்பது என் கருத்து.

பாட்டரியும் பெரிய பலகையும்

பகல் மின்சாரத்தைப் பாட்டரியில் வைத்து இரவில் எடுத்தால் இந்தக் கவலையெல்லாம் தீருமே என்று கேட்கலாம். தீரும், ஆனால் விலை என்ன? 5 யூனிட் பிடிக்கும் பாட்டரி ஒன்றை நாள்தோறும் நிரப்பிக் காலி செய்வதாக வைப்போம். போட்டது 5 என்றால் திரும்பக் கிடைப்பது நாலரை. மீதி வழியில் வெப்பமாகிறது. வெளியே விட்டிருந்தால் அந்த ஐந்துக்கு 135 சென் வந்திருக்கும். நாலரை யூனிட் வாங்காமல் விட்டதால் மிச்சம் 200 சென். நாளுக்கு 65 சென் ஆதாயம். மாதத்துக்கு 20 ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவு. பொருத்துக் கூலியோடு பாட்டரி 5,000 ரிங்கிட் என்றே குறைத்து வைத்துக்கொண்டாலும் அந்த முதல் திரும்ப இருபத்தோர் ஆண்டு ஆகும். அதற்கு முன்பே பாட்டரி கிழமாகிவிடும். பாட்டரி விலை ஆண்டுதோறும் இறங்கி வருவதால், காத்திருப்பவருக்கு நஷ்டமில்லை.

மின்தடைக்குப் பயந்து பாட்டரி வாங்குவது வேறு காரியம். பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. தெருவில் மின்சாரம் நின்றால், நடுப்பகல் வெயிலிலும் சாதாரணக் கூரை இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். கம்பி பழுது பார்க்கக் கம்பமேறும் தொழிலாளியின் உயிரைக் காப்பதற்காகவே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். தெருவிலிருந்து துண்டித்துக்கொண்டு தனியாக இயங்கத்தக்க இன்வெர்ட்டரும் பாட்டரியும் இருந்தால்தான் அவ்வேளையில் வீட்டில் விளக்கெரியும்.

கூரை முழுதும் பலகையால் நிரப்பிவிட்டால்? மேற்சொன்ன குடும்பம் மும்முனை இணைப்பு வைத்துக்கொண்டு 8 கிலோவாட் போட்டதாகக் கொள்வோம். நாளுக்கு 28 யூனிட் வரும். பழக்கத்தை மாற்றி 5 யூனிட்டைப் பகலில் செலவிட்டாலும் 23 வெளியே போகும்; இரவுக்கு 10 வாங்க வேண்டும். வெளியே போனதன் வரவு 6 ரிங்கிட் 20 சென். வாங்கியதன் செலவு 4 ரிங்கிட் 45 சென். மிஞ்சிய ஒன்றே முக்கால் ரிங்கிட், மாதம் முடிந்ததும் மறைந்துவிடும். இரண்டாவது 4 கிலோவாட்டுக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி அப்படி மறைகிறது.

இலங்கையில் நடந்தது

ஒரு வீட்டின் பொருத்தமின்மை அந்த வீட்டுக் கட்டணத்தோடு போகிறது. பல்லாயிரம் வீடுகளின் பொருத்தமின்மை ஒன்று சேர்ந்தால் நாட்டையே அசைக்கும். 2025 பிப்ரவரி 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இலங்கை முழுதும் மின்சாரம் நின்றுபோயிற்று. பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே தொடக்கம் என்று அமைச்சர் சொல்ல, உலகமே நகைத்தது. நகைக்க வேண்டிய விஷயமன்று. விடுமுறை நாளாதலால் செலவு குறைவு. நல்ல வெயிலாதலால் கூரை மின்சாரம் மிகுதி. அதனால் பெரிய சுழலிகள் குறைவாகவே ஓடின. சுற்றும் பம்பரத்தைச் சிறு விரல் தட்டினால் தாங்கும். நிற்கப்போகும் பம்பரம் சாய்ந்துவிடும். பெரிய சுழலிகளின் கனமே மின்வலையின் பம்பர வேகம். அது குறைந்திருந்த வேளையில் ஒரு சிறு பழுது நாடெங்கும் பரவிவிட்டது.

அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, இலங்கை மின்சார சபை கூரைப் பலகை வைத்திருந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தது. ஏப்ரல் 21 வரை நாள்தோறும் பிற்பகல் 3 மணி வரை பலகைகளை நிறுத்தி வையுங்கள் என்பது அவ்வேண்டுகோள். வெயிலில் விளைந்ததை வேண்டாம் என்று சொல்ல நேர்ந்த நிலை.

தீபகற்ப மலேசியா இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. இங்கே தொழிற்சாலைகளும் அலுவலகக் குளிர்சாதனங்களும் பகலிலேயே மிகுதியாக இழுக்கின்றன. நம் கூரையில் மிஞ்சுவதை வாங்கிக்கொள்ள ஆளிருக்கிறது. ஆனால் 2025 ஜூலையில் வந்த நேரவாரிக் கட்டணத்தில், வேலை நாட்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரையே விலை மிக்க வேளை என்று குறித்திருப்பதைக் கவனிக்க வேண்டும். அந்த எட்டு மணி நேரத்தின் முற்பாதியில்தான் கூரைகள் உதவும். கலிபோர்னியாவில் 2013இலேயே, நடுப்பகலில் தொங்கி மாலையில் செங்குத்தாய் எழும் தேவைக்கோட்டை வரைந்து பார்த்துவிட்டு, வாத்தின் உருவம் என்று பெயரிட்டார்கள். வாத்தின் வயிறு பகல், கழுத்து மாலை. தமிழ்நாட்டில், கோயம்புத்தூர் மாவட்டத்துக் கடம்பாறையில், மின்சாரம் மிஞ்சும் வேளையில் தண்ணீரை மேலணைக்கு ஏற்றி, குறையும் வேளையில் இறக்கிச் சுழலியை ஓட்டும் 400 மெகாவாட் நிலையம் 1980களின் இறுதியிலிருந்தே இருக்கிறது. வாத்தின் கழுத்தைத் தாழ்த்த அத்தகைய மலைத்தொட்டிகள் உதவும்.

வீடுகளோடு பள்ளிகளையும் சேர்த்து எண்ணலாம். பள்ளிக்கூடம் பகலில் இயங்குவது. ஆகவே கூரை மின்சாரத்துக்கு அதுவே பொருத்தமான கட்டிடம் என்று எல்லோரும் சொல்கிறோம். பாதி உண்மை. நம் பள்ளிகள் பெரும்பாலும் பகல் ஒரு மணி சொச்சத்துக்குக் கலைகின்றன. சூரியன் அப்பொழுதுதான் உச்சியில் நிற்கிறது. அன்றைய மின்சாரத்தில் சரிபாதி, பிள்ளைகள் வீடு போன பின்னரே விளைகிறது. சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை வேறு. பள்ளியைக் காட்டிலும் நாள் முழுதும் திறந்திருக்கும் மருந்தகம், மளிகைக்கடை, பனிப்பெட்டி வைத்து மீன் விற்கும் கடை ஆகியவையே சூரியனுக்கு நெருங்கிய உறவினர்.

பலகை வாங்க எண்ணுபவர் முதலில் செய்ய வேண்டியது செலவில்லாத ஒரு சோதனை. நாட்டிலேயே முதன்முதலாக, 2018 முதல், ஸ்மார்ட் மீட்டர் பரவலாகப் பொருத்தப்பட்ட மாநிலம் மலாக்கா. அந்த மீட்டர் வாசலிலேயே இருக்கிறது. காலை எட்டு மணிக்கு ஒருமுறையும் மாலை ஆறு மணிக்கு ஒருமுறையும் அதன் எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் பகல் செலவு. அதை மூன்றரையால் வகுத்தால், வீட்டிலேயே முழுதும் செலவாகத்தக்க பலகை எத்தனை கிலோவாட் என்பது ஏறத்தாழ வந்துவிடும். ஐந்தாம் ஆண்டு மாணவன் செய்யக்கூடிய கணக்கு இது; அவனிடமே நோட்டைக் கொடுத்துவிடலாம். வேலை நாட்களையும் சனி ஞாயிறையும் தனித்தனிப் பத்தியில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு வாரமாவது எழுத வேண்டும். பள்ளி விடுமுறையில் எழுதினால், பிள்ளைகள் நாள் முழுதும் விசிறியும் தொலைக்காட்சியுமாய் வீட்டிலிருப்பார்கள், பகல் செலவு உள்ளதைவிடக் கூடுதலாகத் தோன்றும்.